நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து விளக்கு

வெர்னா ஷிமன்ஸ்கி எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. பேருந்து நிலையத்துப் பழைய கால அட்டவணையின் பின்பக்கத்தில், பென்சிலால், பக்க எண்ணும் வரி எண்ணும் போட்டு, என் புத்தகத்தில் இருந்த முப்பத்தொரு தப்புகளை வரிசையாக எழுதியிருந்தாள். கடைசியில், "மற்றபடி புத்தகம் பரவாயில்லை" என்று ஒரு வரி. அதன் கீழே கையெழுத்து, அதற்கும் கீழே 'டிக்கெட் கவுன்டர், பேருந்து நிலையம்' என்ற விலாசம்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நான் எழுதியது ஒன்றும் காவியம் இல்லை. 'மூன்றாவது மணி' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடம், அங்கே மூன்றாவது மணி அடித்ததும் செத்துப்போன மாணவர்கள் வந்து தங்கள் பழைய இடத்தில் உட்காருவார்கள், ரோனி என்ற பெண்ணின் கண்ணுக்கு மட்டும் அவர்கள் தெரிவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதற்கு உயிரையே விட்டார்கள். அந்தத் தொடரின் ஆட்களை வைத்துத் தொடரில் வராத கதைகளை நாவலாக எழுதுவது என் வேலை. ஏரிக்கரையில் இருக்கிற ஈரி நகரத்து வானொலி நிலையத்தில் விளம்பர வசனம் எழுதிக்கொண்டிருந்த என்னை முப்பத்தேழு வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கிடைத்த ஒரே பிழைப்பு இதுதான்.

ஆறு வாரத்துக்கு ஒரு புத்தகம். யாரையும் கொல்லக் கூடாது, யாருக்கும் கல்யாணம் செய்துவைக்கக் கூடாது, ஒருத்திக்கு முடிகூட வெட்டிவிடக் கூடாது. முதல் பக்கத்தில் யார் எங்கே நின்றார்களோ கடைசிப் பக்கத்தில் அங்கேயே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வாடகை வீட்டில் ஆணிகூட அடிக்காமல் குடியிருந்துவிட்டுக் காலி செய்வது மாதிரிதான். அட்டையில் நடிகர்களின் முகம் இருக்கும். டாரில் ஹூபர் என்ற என் பெயர் அதற்கடியில் எறும்பு அளவுக்கு இருக்கும்.

இதையெல்லாம்விடக் கடுமையான நிபந்தனை ஒன்று ஒப்பந்தத்தில் உண்டு. ரசிகர்கள் எழுதி அனுப்பும் எதையும் நான் படிக்கக் கூடாது. படித்து அதிலிருந்து ஒரு வரி எடுத்தாலும் அன்றோடு வேலை போய்விடும். நாளைக்கு எவனாவது வந்து என் கதையைத் திருடிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று தயாரிப்பாளர்களுக்குப் பயம். கனமான உறையாக வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். வெர்னாவின் உறை மெலிதாக இருந்ததால் ஏமாந்து பிரித்துவிட்டேன். ஆனால் அதில் கதை எதுவும் இல்லையே, வெறும் திருத்தம்தானே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெர்னா ஷிமன்ஸ்கி நீங்கதானா?"

"எங்க போகணும் கண்ணு?"

"எங்கயும் போகல. நான் டாரில் ஹூபர்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புத்தகத்துப் போட்டோவுல இன்னும் கொஞ்சம் முடி இருந்துச்சே. சரி, பின்னால ஆள் நிக்குது. கொஞ்சம் ஓரமா நில்லு, அனுப்பிட்டு வரேன்."

பிட்ஸ்பர்க் போகிற நாலு பேரை அனுப்பிவிட்டு வந்தாள். நான் காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். "நீங்க எழுதின இருபத்தேழாவது தப்பு தப்பே இல்ல. ரோனியோட கார் பச்சைதான். நானே பாத்திருக்கேன்."

"மொத வருஷம் பச்சை. ரெண்டாவது வருஷம் ஆறாவது வாரத்துல அவ அப்பா அதை வித்துட்டு நீலம் வாங்குறாரு. உன் கதை எப்ப நடக்குது?"

"ரெண்டாவது வருஷம்."

"பனி கொட்டுதுன்னு நீயே எழுதிருக்க. தொடர் செப்டம்பர்ல ஆரம்பிக்குது, பனி கொட்டுற மாசம்னா ஆறாவது வாரம் தாண்டியாச்சு. அப்ப நீலந்தான?"

நீலம்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவள் அதற்காக ஜெயித்த முகம் எதுவும் காட்டவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொன்னது போலச் சொல்லிவிட்டுத் தன் தம்ளரிலிருந்த காப்பியைக் குடித்தாள்.

அந்த வாரமே அவளுடைய நோட்டுகளையும் பார்த்தேன். பன்னிரண்டாவது தெருவில், செருப்புத் தைக்கும் கடைக்கு மேல்மாடியில் அவள் வீடு. அவளுக்கு எப்போதும் மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை வேலை என்பதால் தொடரை ஒளிபரப்பாகும் நேரத்தில் அவள் பார்த்ததே இல்லை. வீடியோ பதிவுப் பெட்டியில் நேரம் குறித்து வைத்துவிட்டுப் போவாள். காலையில் எழுந்து, பீரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டையைச் சுட வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதுவாள். இடது பக்கம் நிமிடமும் விநாடியும், வலது பக்கம் நடந்தது. லைல் என்ற செத்த பையன் எந்தக் கையால் கதவைத் தொட்டான், ரோனியின் சட்டையில் எத்தனை பொத்தான், எல்லாம் பேருந்து அட்டவணை மாதிரி கட்டம் கட்டி இருந்தது.

அவளுடைய வாழ்க்கையே அட்டவணைதான். அப்பா ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் இருந்தார். இவள் பள்ளி முடித்ததும் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவள், முப்பத்துநாலு வருஷமாக அங்கேயே இருந்தாள். ஓட்டுநர் மூன்று நிமிஷம் தாமதமாக வந்துவிட்டுச் சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதினால் பேருந்துக்குள் ஏறிப் போய்ச் சண்டை போடுவாள். டெட் என்று ஒரு புருஷன் இருந்தான். ஒருநாள் கவுன்டருக்கே வந்து, ஃபுளோரிடாவுக்கு ஒரு டிக்கெட் கொடு என்றானாம்.

"என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"குடுத்தேன். போக வரவா, போக மட்டுமான்னு கேட்டேன். போக மட்டும்னான். க்ளீவ்லாந்துல வண்டி மாறணும், மறந்துடாதன்னு சொல்லி அனுப்பினேன்."

"அவ்வளவுதானா?"

"பின்ன? வழி தெரியாம வேற எங்கயாவது போய்ட்டான்னா மறுபடி இங்கதான வருவான்."

இப்படித்தான் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. புத்தகம் எழுதும்போது சந்தேகம் வந்தால் அவளுடைய இடைவேளையில் தொலைபேசியில் கூப்பிடுவேன்; கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். இரண்டாவது புத்தகத்தில் ஒன்பது தப்பு, மூன்றாவதில் இரண்டு, நாலாவதில் ஒன்றுமே இல்லை. நியூயார்க்கிலிருந்த என் பதிப்பாசிரியை கோரின் மாஸ் அசந்துபோனாள். இந்தத் தொடருக்கு நாவல் எழுதும் மற்றவர்கள் எல்லாம் கண்டபடி எழுதித் தள்ளும்போது நீங்கள் மட்டும் எப்படி என்று கேட்டாள். உழைப்புதான் என்றேன், வெட்கமே இல்லாமல். வெர்னாவுக்கு இரண்டு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பேன். வேறு எதையும் அவள் வாங்கவில்லை. புத்தகத்தில் அவள் பெயரைப் போடவும் வழியில்லை. போட்டால் என் கதை கந்தலாகிவிடும்.

ஆனால் ரசிகர்கள் மத்தியில் அவள் பெயருக்கு இருந்த மரியாதை என் பெயருக்கு இல்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் க்ளீவ்லாந்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் அவர்கள் கூடுவார்கள். கறுப்பு நகப்பூச்சும் வெள்ளை மாவு முகமுமாக முந்நூறு பிள்ளைகள். அங்கே நடக்கும் வினாடி வினாவுக்கு வெர்னாதான் நடுவர். எந்தச் சண்டையானாலும், "மிஸ் வெர்னா சொல்லட்டும்" என்பார்கள். அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு வசந்தத்தில் என் ஏழாவது புத்தகம் ஆரம்பித்தது. லைலின் அம்மாவை வைத்து எழுதலாம் என்று நினைத்தேன். தொடரில் அவள் ஒரே ஒரு தடவைதான் வருகிறாள், இரண்டாவது வருஷம் பதினோராவது வாரம், கடைசிக் காட்சியில். செத்துப்போன லைல் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து நிற்கிறான். அம்மா சமையலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். அவன் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கொல்லைப் படிக்கு மேலே இருக்கிற விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். எனக்கு அனுப்பியிருந்த திரைக்கதைப் பிரதியில் அப்படித்தான் இருந்தது. வெர்னாவின் நோட்டில் வேறு மாதிரி இருந்தது. அதில் அம்மா விளக்கை எரியவிட்டுவிட்டுப் போகிறாள்.

இது புதிதில்லை. எழுதுவது ஒன்று, எடுப்பது ஒன்று, காட்டுவது இன்னொன்று. அதனால்தான் பிரதியை மட்டும் நம்பி எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் தொடரின் ஒளிநாடா கடையில் கிடைக்காது, தயாரிப்பாளர்களும் அனுப்பமாட்டார்கள். வெர்னாவைக் கூப்பிட்டேன்.

"பத்து நிமிஷம்தான் இருக்கு ஹூபர், சீக்கிரம் கேளு."

"பதினோராவது வாரம், லைலோட அம்மா. விளக்கை அணைக்கிறாளா, விட்டுட்டுப் போறாளா? ஸ்கிரிப்ட்ல அணைச்சுடுறா."

எப்போதும் கேள்விக்கு முன்னால் வரும் பதில் அன்றைக்கு வரவில்லை. பஃபலோ வண்டி புறப்படப் போகிறது என்று ஒலிபெருக்கியில் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

"எரியுது," என்றாள். "அணைக்கல."

"நிச்சயமா?"

"நோட்டுல எழுதியிருக்குல்ல, அப்புறம் என்ன."

நான் அந்த விளக்கை வைத்து ஒரு நாவலே எழுதினேன். அந்த வீட்டுக் கொல்லையில் விளக்கு எரிகிறது என்று கேள்விப்பட்டு, போக்கிடம் இல்லாத செத்த பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொருவராக அங்கே வந்து படியில் உட்காருகிறார்கள். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தினமும் சாயங்காலம் விளக்கைப் போடுகிறாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அது வரும். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தை நானே இரண்டு தடவை படித்தேன். வாடகை வீட்டில் முதல் தடவையாக ஒரு ஆணி அடித்துவிட்டேன் என்று மகிழ்ச்சியாக இருந்தது. தயாரிப்பாளர் அலுவலகத்தில் அனுமதி கொடுக்கிற இடத்துக்கு அந்த வருஷத்தில் மூன்றாவது ஆள் வந்திருந்தான். அவன் தொடரைப் பார்த்தவனா என்பதே சந்தேகம். ஒரு கேள்வியும் இல்லாமல் அனுமதி வந்துவிட்டது.

அக்டோபரில் புத்தகம் கடைக்கு வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, இணையத்தில் ரசிகர்கள் கூடுகிற பலகையில் தீப்பிடித்துக்கொண்டது. யாரோ ஒரு பெண் அந்தக் காட்சியைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். சுவிட்சின் மேல் அம்மாவின் கை. அடுத்த படத்தில் இருட்டு. விளக்கு அணைந்துவிட்டது. என் மொத்த நாவலும் இல்லாத விளக்கின் மேல் நின்றது.

கோரின் கூப்பிட்டாள். "ஸ்கிரிப்ட்லயே அணைக்கிறாங்கன்னு இருக்கு டாரில். அப்ப நீங்க இதை எங்கேர்ந்து எடுத்தீங்க? ரசிகர் யாராவது எழுதி அனுப்பினதா?"

"இல்ல. நானா கற்பனை பண்ணினேன்."

"அப்படின்னா தப்பிச்சோம். தயாரிப்பாளருங்க ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. பிப்ரவரியில க்ளீவ்லாந்து கூட்டத்துக்கு அவங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வராங்க. மேடையில ஏறி, என் கவனக்குறைவுன்னு ஒரு தடவை சொல்லிடுங்க. அடுத்த மூணு புத்தகமும் உங்களுக்குத்தான். ஆனா வேற யாரோட சரக்காவது உள்ள வந்திருக்குன்னு தெரிஞ்சா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

உடனே வெர்னாவின் வீட்டுக்குப் போனேன். அவள் பதிவு செய்த நாடாவைப் போடச் சொன்னேன். போட்டாள். லைல் கொல்லைப்புறத்துக்கு வருகிறான், அதோடு திரையில் புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறம்.

"அன்னிக்கு உள்ளூர் ஹாக்கி ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் கூட ஆயிடுச்சு," என்றாள். "தொடரை ஆறு நிமிஷம் தள்ளிப் போட்டுட்டாங்க. என் பெட்டி ஒம்பது மணிக்கு டாண்ணு நின்னுபோச்சு. கடைசி ஆறு நிமிஷம் இல்ல."

"அப்ப நோட்டுல எழுதினது?"

"இப்படித்தான் முடிஞ்சிருக்கும்னு நானே எழுதிட்டேன்."

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, வெர்னாவுக்குத் தெரியலன்னு ஆயிடுமே."

நான் கத்தினேன். மூன்று நிமிஷத்துக்காக ஓட்டுநரோடு சண்டை போடுகிறவள் ஆறு நிமிஷத்தை இட்டுக்கட்டி எழுதியிருக்கிறாளே என்று என்னென்னவோ சொன்னேன். அவள் நாடாவை வெளியே எடுத்து உறையில் போட்டாள். கத்தி முடித்ததும் காரியத்துக்கு வந்தேன்.

"க்ளீவ்லாந்துல நான் மன்னிப்புக் கேட்டுடுறேன். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினீங்கன்னா எனக்கு வேலை இல்ல. இந்த ஊர்ல வேற எவனும் எனக்கு வேலை குடுக்க மாட்டான். புரியுதா?"

"புரியுது. ஆனா அது உன் தப்பு இல்லையே ஹூபர்."

"புத்தகத்துல என் பேர்தான இருக்கு?"

"பேர் உன்னோடது. தப்பு என்னோடது."

"சத்தியம் பண்ணுங்க, பேச மாட்டேன்னு."

"நான் சத்தியமெல்லாம் பண்றதில்ல கண்ணு. பாக்கலாம்."

பிப்ரவரியில் இரண்டு பேரும் என் வண்டியில்தான் போனோம். ஏரிப் பக்கமிருந்து பனி அடித்துக்கொண்டிருந்தது. வழியில் சாப்பிட அவள் பெப்பரோனி இறைச்சியை உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி உருண்டைகள் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பனியைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசினோம். விளக்கைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

விடுதிக் கூடம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒரு அம்மாள் மடியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். தயாரிப்பாளர் அலுவலகம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் மேடையேறி, கோரின் சொல்லிக் கொடுத்தபடி, கவனக்குறைவு, வருந்துகிறேன் என்றேன். இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு இறங்கப் பார்த்தேன். பிள்ளைகள் விடவில்லை.

"ஒரே ஒரு தடவை அந்த எபிசோடைப் பாத்திருந்தாப் போதுமே சார்?" என்றாள் ஒருத்தி.

"அதுக்கெல்லாம் அவருக்கு எங்க நேரம்? கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கவே சரியா இருக்கும்," என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். கூடமே சிரித்தது.

"செத்தவங்ககூட ஒழுங்கா கிளாஸுக்கு வராங்க. இவரு வரல," என்றான் இன்னொருவன்.

எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் சிரித்துக்கொண்டே நின்றேன்; இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தால் மூன்று புத்தகம். அப்போதுதான் நடுவர் நாற்காலியிலிருந்து வெர்னா எழுந்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவரைக் கேலி பண்ணாதீங்க. அவரு ஸ்கிரிப்ட்ல சரியாத்தான் படிச்சிருந்தாரு. சந்தேகம் வந்து எனக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. வெளக்கு எரியுதுன்னு நான்தான் சொன்னேன். என் டேப்புல கடைசி ஆறு நிமிஷம் பதிவாகல. நானா எழுதி வெச்சிருந்ததைப் பாத்துச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

சாம்பல் மேலங்கி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சிரித்த பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சாயங்கால வினாடி வினாவுக்கு முன்னால் இரண்டு பெண்கள் வெர்னாவிடம் வந்து, இந்தத் தடவை வேறு யாராவது நடுவராக இருக்கட்டுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். "அதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, விடைத்தாள் கட்டை எடுத்து அவர்களிடம் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது இரண்டு மணி நேரமும் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, வழுக்கும், பார்த்துப் போ என்று அவள் சொன்னாள். நான் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

திங்கட்கிழமை கோரின் கூப்பிட்டாள். எதிர்பார்த்ததுதான். அடுத்த புத்தகத்தைக் கலிஃபோர்னியாவில் வேறு யாரோ எழுதுகிறார்களாம். ஏழாவது புத்தகத்தின் இரண்டாவது அச்சில் அந்த அத்தியாயத்தை வெட்டி, விளக்கை அணைத்துத் திருத்திவிடுவார்களாம். "நல்ல அத்தியாயம் டாரில். எனக்கு வருத்தமாத்தான் இருக்கு," என்றாள். அவள் சொன்னது உண்மைதான் என்று நினைக்கிறேன்.

மூன்று வாரம் வெர்னாவின் பக்கமே தலைகாட்டவில்லை. வீட்டில் உட்கார்ந்து அவளை என்ன கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்தேன். ஒரு புதன்கிழமை மத்தியானம், சேர்ந்தது போதும் என்று கிளம்பிப் போனேன். கவுன்டரில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"ஏன் வாயை மூடிட்டு இருக்கல?" என்றேன். "ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் பேசாம இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

அவள் எழுந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டாள். ஒரு முக்காலியைக் காட்டினாள். நான் உட்காரவில்லை.

"ரெண்டு வருஷமா உன் தப்பை எழுதிட்டு வரேன்," என்றாள். "உன்னோடது இல்லாத ஒண்ணை உன் மேல எழுதினதே இல்ல. அன்னிக்கு முந்நூறு பேர் முன்னால அப்படி ஒண்ணு உன் மேல ஏறுது. அதைக் கேட்டுக்கிட்டு நான் எப்படி உக்காந்திருப்பேன்?"

"எனக்கு வேலை போச்சு வெர்னா."

"தெரியும். அதுக்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது." தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொண்ணு இருக்கு. சொன்னா இன்னும் கோவப்படுவ," என்றாள்.

"இன்னும் என்ன மிச்சம்? சொல்லுங்க."

"டேப் நின்னுபோனது நெசம். ஆனா அந்த ஜூலையிலயே அதை மறுபடி போட்டாங்க. முழுசாப் பாத்தேன். அணைச்சுட்டுத்தான் போறா. நீ போன் பண்ணிக் கேட்டப்ப எனக்கு நல்லாத் தெரியும்."

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் அவளை ஒரு சோம்பேறித்தனத்துக்காக, ஒரு வீம்புக்காகத் திட்டிக்கொண்டிருந்தேன். இவள் தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் இவள்.

"ஏன்?" என்றேன்.

"வீட்டை விட்டு ஓடிப்போக இங்க வர்ற பிள்ளைங்க எல்லாம் அந்தத் தொடரைத்தான் பாக்குதுங்க. நானே இதுங்ககிட்டேர்ந்துதான் அதைப் பத்திக் கேள்விப்பட்டேன். பதினஞ்சு வயசு, பதினாறு வயசு. பையில ரெண்டு துணி. போக மட்டும் டிக்கெட். வேண்டாம்னு சொன்னா அடுத்த ஊர்ல போய் ஏறும். அதனால இந்த கவுன்டர் போன் நம்பரை டிக்கெட் பின்னால எழுதிக் குடுப்பேன். சிலது ஒரு மாசம் கழிச்சு எங்கேர்ந்தாவது கூப்பிடும். வீட்டுக்கு இல்ல, எனக்கு. திரும்பி வந்தா வீட்டுல உள்ள விடுவாங்களான்னு கேக்கும். எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அதுங்க வீட்டையா பாத்திருக்கேன்? கொல்லப் பக்கமாப் போய்ப் பாரு, வெளக்கு எரியும், கதவைத் தட்டுன்னு சொல்லுவேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் முனையால் துடைத்தாள். "அதுங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டு, நோட்டுல அந்த அம்மா அணைச்சுட்டான்னு எழுத எனக்குக் கை வரல. ஒரே ஒரு வரிதான, கெடக்கட்டும்னு விட்டுட்டேன். நீ அதைப் புத்தகமா எழுதுவேன்னு எனக்கு என்ன தெரியும்."

போன பிள்ளைகள் திரும்பி வந்தார்களா என்று கேட்டேன். சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை, சிலரைப் பற்றித் தெரியாது என்றாள். எத்தனை பேர் என்று அவளுக்கு எண்ணிக்கை தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

"ரெண்டாவது அச்சுல திருத்திடுவாங்க," என்றேன். "மார்ச்சுல வருது."

"மொத அச்சு எத்தனை?"

"நாப்பதாயிரம்."

"அதைத் திருப்பி வாங்கிடுவாங்களா?"

"மாட்டாங்க. முக்கால்வாசி வித்தாச்சு. மிச்சம் நூலகத்துல இருக்கும், பள்ளிக்கூடத்துல இருக்கும். எவனும் போய்த் தேட மாட்டான்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். முப்பத்தொரு தப்புகளைக் கண்டுபிடித்த அன்றுகூட அவள் முகத்தில் இல்லாத ஒரு திருப்தி இப்போது இருந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப நாப்பதாயிரத்துல எரியுது," என்றாள்.

ஆமாம் என்றேன். என் கோபம் தீரவில்லை. இன்றைக்கு வரைக்கும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அப்போது அவளோடு சேர்ந்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.